பண்ணைக்காட்டு மழையும் ஒரு காப்பிக்கொட்டை டப்பாவும்

கீழ்ப்பழனி மலையில் ஐப்பசி பிறந்துவிட்டால் உப்புச் சாடி நீர்கோத்துக்கொள்ளும். பொரித்த அப்பளம் இலையில் விழுவதற்குள் நமுத்துவிடும். இந்த ஈரத்திலும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்தைக் காக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, உள்மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றும் அரை லிட்டர் எவர்சில்வர் டப்பா ஒன்றை வாங்கி, பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டில் இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கால் கிலோ கொள்ளும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். வறுக்கும்போது கொட்டை உப்பி, எடையும் குறைவதால், கால் கிலோவுக்கு ஏறத்தாழ 700 மில்லி லிட்டர் இடம் வேண்டும். என் டப்பாவில் 170 கிராமுக்கு மேல் போகவில்லை. எதைக் கொட்டி அளந்தார்களோ தெரியவில்லை.

வத்தலக்குண்டில் ஒரே நாளில் வறுத்த அரை கிலோ அராபிகாவை வாங்கி மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கு இந்த டப்பாவில். ஒரு பங்கு கடைக்காரர் தந்த வால்வு வைத்த பையில், வாயை மடித்துத் துணிக்கிளிப் போட்டு. மற்றொன்று வீட்டிலிருந்த பழைய தூக்கில். முதல் வாரம் மூன்றுக்கும் வேறுபாடே தெரியவில்லை. புதிதாக வறுத்த கொட்டை சில நாள்கள் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருப்பதால் அதுவே ஓரளவு தனக்குக் காவலாகிவிடுகிறது. மூன்றாம் வாரத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. தூக்கில் இருந்ததை அரைத்து வெந்நீர் ஊற்றியபோது பொடி உப்பவே இல்லை. பழைய நிலக்கடலையின் சிக்கு வாடை அடித்தது. டப்பாவில் இருந்தது நுரைத்துப் பொங்கியது. பையில் இருந்தது இரண்டுக்கும் நடுவே, ஆனால் டப்பாவுக்கே நெருக்கமாக நின்றது.

சாதாரணப் பாத்திரத்தில் கொட்டை குறையக் குறைய உள்ளே காற்று பெருகும். இதில் உள்மூடியும் கூடவே இறங்குவதால் காற்றுக்கு இடமில்லை. கண்ணாடி ஜாடியைப் போல வெளிச்சத்தையும் உள்ளே விடுவதில்லை. கொடுத்த பணத்துக்கு உரிய பயன் இவைதாம்.

உள்மூடியின் சிலிக்கோன் வளையத்தில் கொட்டையின் எண்ணெய் படிந்து நாளடைவில் நாற்றமெடுக்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். (ஐப்பசி வெயிலை நம்ப முடியாது, அடுப்பங்கரை மேடைதான் கதி.) ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று கையேடு சொல்வதை நான் ஏற்கவில்லை, குளிர்ந்த கொட்டையைத் திறக்கும்போதெல்லாம் அதன்மேல் நீர் படியும். சிக்கரி கலந்த பொடி வாங்குவோருக்கும் இந்த டப்பா வேண்டாம். அரைத்த பொடியின் மணம் சில நாள்களிலேயே போய்விடும். சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும்.

வீட்டிலேயே அரைத்து, கால் கிலோவை மூன்று வாரம் வைத்துக் குடிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எங்கள் வீட்டில் இப்போது டப்பாவை முதலில் நிரப்பி மூடிவிட்டு, கொள்ளாமல் மிஞ்சும் எண்பது கிராமைப் பையிலேயே வைத்து, முதல் வாரத்தில் அதைத் தீர்த்த பிறகே டப்பாவைத் திறக்கிறோம்.