நாய்க்குட்டிக்கு சிரப்பா, மாத்திரையா? குடற்புழு மருந்துகள் ஓர் அலசல்

நாய்க்குட்டி கொழுகொழுவென்று இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். தூக்கிப் பார்த்தால் முதுகெலும்பு கையில் தட்டும், வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கும். பெரும்பாலும் அது குடலில் வளரும் உருளைப்புழுவின் வேலை.

"பச்சைக் குட்டி, மூணு மாசம் ஆகட்டும்" என்று புழு மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. தாயின் உடம்பில் உறங்கிக் கிடக்கும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள், சினையின் கடைசி நாட்களில் விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். அதனால் கண் திறந்த கையோடு, 2 வார வயதிலேயே முதல் மருந்து கொடுக்க வேண்டும். தாய்க்கும் அன்றே.

அந்த வயதுக்கு என் தேர்வு பைரன்டெல் சிரப். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். குடலிலிருந்து ரத்தத்துக்குள் அதிகம் போகாது, அதனால் சின்ன உயிருக்கும் பயமில்லை. ஆனால் குடலில் இருக்கும் புழுவை மட்டும்தான் அது முடக்கும். உடம்புக்குள் சுற்றும் இளம்புழுவைத் தொடாது. அவை குடலுக்கு வந்து சேரச் சேர மறுபடி கொடுத்தாக வேண்டும். 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை என்று சொல்வது இதனால்தான். குட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்துங்கள், கண்ணளவு வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் புரையேறும்.

ஃபென்பென்டசோல் என்ற மருந்து இதைவிட அகலமாக, அதாவது இன்னும் பல வகைப் புழுக்களின் மேல் வேலை செய்யும். பைரன்டெலுக்கு மசியாத சாட்டைப்புழுவும் போகும். சிக்கல், கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து 3 நாள் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் மறந்துவிடுகிற வீடுகளே அதிகம்.

வளர்ந்த நாய்க்கு நான் கூட்டு மாத்திரை பக்கம்தான். பிராசிகுவான்டெல், பைரன்டெல், ஃபெபன்டெல் மூன்றும் சேர்ந்தது. வழக்கமான அளவு 10 கிலோவுக்கு ஒரு மாத்திரை, 3 மாதத்துக்கு ஒருமுறை. வாலடி முடியில் காய்ந்த அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. அதற்கு பிராசிகுவான்டெல்தான் மருந்து. பைரன்டெல் சிரப் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பலனில்லை. கூடவே தெள்ளுப்பூச்சியையும் ஒழியுங்கள். நாய் உடம்பைக் கடித்துச் சொறியும்போது அதை விழுங்கித்தான் நாடாப்புழு திரும்ப வருகிறது. 4 வாரம் ஆகாத குட்டிக்கு மட்டும் பிராசிகுவான்டெல் வேண்டாம்.

அப்புறம், புழுவுக்கு வீட்டு வைத்தியமாகக் கொடுக்கும் பூண்டு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்; கொக்கிப்புழு ஏற்கெனவே ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் குட்டிக்கு அதையும் கொடுத்தால் என்ன ஆகும்? வேப்பிலைச் சாறு புழுவை முழுதாக நீக்கும் என்று நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான அல்பென்டசோல் பூச்சி மாத்திரையையும் நாமாக உடைத்துக் கொடுக்கக் கூடாது, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம்.

எந்த மருந்தானாலும் கொடுப்பதற்கு முன் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. காகிதம் போல வெளுத்து, மலமும் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். நேராகக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்தக் குட்டிக்கு ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கலாம்.