பி.பி.எஃப். கணக்கு: திட்டப் பணியில் நீடிக்க விரும்புபவரின் மதிப்புரை

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் கடற்புல் கணக்கெடுக்கும் திட்டப் பணிகளில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தைக் கடல் தரையில் கிடத்தி, அதற்குள் என்னென்ன புல் வகைகள் உள்ளன, எவ்வளவு அடர்ந்துள்ளன என்று பலகையில் பென்சிலால் குறித்துவருவதே என் வேலை. எங்கள் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு மேய்ந்து சென்ற இடத்தில், புல்வெளிக்கு நடுவே வெறும் மணல் ஒற்றையடிப் பாதைபோல் வளைந்து கிடக்கும். முதன்முதலாக அந்தத் தடத்தைக் கண்ட நாளிலேயே இந்த வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும், ஓய்வூதியம் கிடையாது. "அண்ணன மாதிரி குரூப் நாலு எழுதேன்டி, புல்லு எண்ணுறவளுக்கு வயசான காலத்துல யாரு சோறு போடுவா?" என்று அம்மா கேட்டதற்கு, அன்று என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் 2019 மே மாதத்தில், 15 ஆண்டுகளில் முதிரும் அரசுச் சேமிப்புத் திட்டமான பொது வருங்கால வைப்பு நிதிக் (பி.பி.எஃப்.) கணக்கைத் தொடங்கினேன். அப்போது வட்டி 8 சதவீதம். 2020 ஏப்ரலில் 7.1 ஆகக் குறைக்கப்பட்டது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஆயினும் என்னைப் போன்றவர்களுக்கு வட்டியைவிட முக்கியமான தன்மை ஒன்று இதில் உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும்; கையில் பணம் இருக்கும் ஆண்டில் 1,50,000 வரை கட்டலாம். மாதாமாதம் ஒரே தொகை கேட்கும் சேமிப்புகள் எல்லாம், ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை எட்டு மாதம் வருமானமின்றி இருந்தபோது என்னால் தாக்குப்பிடிக்க முடியாதவையாகிவிட்டன. இது மட்டுமே நின்றது.

மாதம் 3,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால், இதே 7.1 சதவீதம் நீடிக்கும் பட்சத்தில், கட்டிய 5,40,000 ரூபாய் ஏறத்தாழ 9,46,000 ஆகும். முதுமை முழுவதற்கும் இது போதாது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதிர்வுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம் என்பதால், முப்பது வயதுக்கு முன்பே தொடங்குபவருக்குத்தான் உண்மையான பலன் கிடைக்கும். கடனுக்காக நீதிமன்ற ஆணையின் பேரில்கூட இந்தப் பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்பது, படகுக் கடனில் தத்தளிக்கும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் கரையில் சிறிய செய்தியல்ல.

குறையும் உண்டு. 2021-இல் கைச்செலவுக்கே தட்டுப்பாடு வந்தபோது கணக்கின் பேரில் கடன் கேட்கப் போனேன். அப்படியொரு வசதியே இல்லை என்று கணக்கு வைத்திருந்த கிளையில் திருப்பி அனுப்பினார்கள்; விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகே படிவம் கிடைத்தது. அதற்குப் பின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய இருப்பில் கால் பங்குதான் கடன் என்பதால், எனக்குக் கிடைக்கவிருந்த தொகை எட்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. பகுதித் தொகையைத் திரும்ப எடுப்பதற்கோ, கணக்குத் தொடங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே ஆறு மாதச் செலவுக்கான பணத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் தனியே வைத்துவிட்டு, அதன் பிறகு இதில் போடுங்கள். நான் அந்த வரிசையை மாற்றிச் செய்து வருந்தினேன்.

மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் செலுத்தாத பணத்துக்கு அந்த மாத வட்டி கிடைக்காது என்பதை முதல் ஆண்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தென்கடலில் (மன்னார் வளைகுடா) கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் முகாம் மாற்றிப் போய்விடுவதால், பலமுறை தேதி தவறியிருக்கிறது. இப்போது முகாமுக்குக் கிளம்பும் முன் பணத்தையும் பாஸ்புக்கையும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். நான்காம் தேதியன்று அவரே பேருந்து ஏறிப் போய்க் கட்டிவிட்டு, இருப்புத் தொகையைத் தொலைபேசியில் எனக்குப் படித்துச் சொல்கிறார்.