சாறு போனபின் சக்கையில் நிற்பது எது: புளூபெர்ரியா, கிரான்பெர்ரியா?

புளூபெர்ரிப் பழத்தைக் குறுக்கே அறுத்தால், கருநீலத் தோலுக்குள் சதை வெளிறிய பச்சையாகத் தெரியும். நிறம் தரும் அந்தோசயனின் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. ஆகவே சாறு பிழிந்தபின் ஒதுக்கும் சக்கையைக் கழிவு என்று தள்ளுவது சரியன்று. கிரான்பெர்ரியும் இப்படித்தான்: சிவந்த தோல், வெண்சதை, பழத்தை நீரில் மிதக்க வைக்கும் நான்கு காற்றறைகள். ஆனால் இரண்டு சக்கைகளும் ஒரே பயனைத் தருவதில்லை.

நிறச் செறிவில் புளூபெர்ரி முந்துகிறது. ஆனால் அந்த நிறம் எளிதில் கெட்டுவிடும். பழத்தை நசுக்கிக் காற்றுப் பட்டதுமே, அதிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி அந்தோசயனின் சிதைவைத் தூண்டிவிடுகிறது. நசுக்குவதற்கு முன் சில நிமிடங்கள் நீராவி காட்டி நொதியை முடக்கினால் இழப்பு வெகுவாகக் குறையும். சக்கையின் தரம் அது சக்கையாவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதைச் சாறு ஆலைகள் கவனிக்க வேண்டும்.

கிரான்பெர்ரியின் பலம் 'ஏ' வகைப் புரோஅந்தோசயனிடின்கள் என்னும் துவர்ப்புச் சேர்மங்கள். சிறுநீர்ப் பாதையின் செல்களில் ஈ. கோலை என்னும் பாக்டீரியா ஒட்டிக்கொள்வதை இவை தடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. 8,857 பேர் பங்கேற்ற 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டின் கோக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிரான்பெர்ரிப் பொருள்களால் தொற்று அபாயம் குறைவதாகக் கண்டது. காப்பகங்களில் வாழும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அத்தகைய பலன் தெரியவில்லை. இந்த முடிவை அப்படியே சக்கைப் பொடிக்குப் பொருத்தி விற்பது நேர்மையாகாது.

பிரித்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. புரோஅந்தோசயனிடின்களில் ஒரு பகுதி செல் சுவரின் நாரோடு இறுகப் பிணைந்திருப்பதால், சாதாரணக் கரைப்பானுக்கு அது இளகுவதில்லை. காரம் சேர்த்தால் அது விடுபடும். ஆனால் அமிலத்தில் மட்டுமே உறுதியாக நிற்கும் அந்தோசயனின் காரத்தில் சிதைந்துபோகும். நிறத்தையும் பிணைந்த சேர்மங்களையும் ஒரே முறையில் முழுமையாகப் பெற இயலாது.

 

உணவுக்கு இயற்கை நிறம் வேண்டுவோருக்கு, நீராவி காட்டிய புளூபெர்ரிச் சக்கையே ஏற்றது என்பேன். பிரித்தெடுக்காமல் பொடியாகவே மாவில் கலப்பதற்கு என் தேர்வு கிரான்பெர்ரி. நாரோடு பிணைந்தவை வீணாகாமல் பெருங்குடல்வரை போகின்றன, அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்துச் சிறு ஃபீனாலிக் அமிலங்களாக்குகின்றன. புளிப்பைத் தணிக்கச் சாற்றில் கொட்டப்படும் சர்க்கரையும் அந்தப் பொடியில் இருக்காது.