இன்ஃபார்ம் பார்சர்: எல்லாம் ஓகே, அந்த ஒரு மெசேஜ் மட்டும் என்னால முடியல

ஃபிரெண்ட் ஒருத்தன் டெக்ஸ்ட் அட்வென்சர் (படம் இல்லாம, கமாண்ட் டைப் பண்ணி விளையாடற கதை கேம்) எழுதிப் பாக்கப் போறானாம். "நீ ரொம்ப நாளா இன்ஃபார்ம் வச்சிருக்கியே, பார்சர் எப்படி, நம்பி இறங்கலாமா"ன்னு கேட்டான். ஆமா இல்லன்னு ஒரே வார்த்தைல முடிக்கலாம்னு பாத்தா முடியல, அதனால விலாவாரியாவே சொல்றேன்.

இன்ஃபார்ம்னா இந்த மாதிரி கேம் எழுதற ஒரு மென்பொருள், பார்சர்னா பிளேயர் டைப் பண்ற கமாண்டைப் புரிஞ்சுக்கற பகுதி. கிரஹாம் நெல்சன் 1993ல வெளியிட்டது, 2006ல இன்ஃபார்ம் 7 வந்து இங்கிலீஷ் வாக்கியமாவே கேம் எழுதற மாதிரி ஆச்சு, 2022ல சோர்ஸையும் திறந்து விட்டுட்டாங்க, காசு எப்பவுமே கிடையாது.

நல்லதை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் கோவத்துல மறந்துடுவேன். பிளேயர் டைப் பண்றதை இது புரிஞ்சுக்கற விதம் நிஜமாவே அருமை. 'டிராப் ஆல் எக்ஸெப்ட் ரோப்'னு அடிச்சா கயிறைத் தவிர எல்லாத்தையும் கீழ வைக்கும். 'ஓப்பன் பாக்ஸ் தென் லுக் இன் இட்'னா அந்த 'இட்' பெட்டிதான்னு அதுக்கே தெரியும். ரெண்டு சாவி இருந்தா எந்தச் சாவின்னு கேக்கும், 'பிராஸ்'னு (பித்தளை) மட்டும் அடிச்சா போதும், முழு கமாண்டையும் திரும்ப அடிக்க வேணாம். 1977ல வந்த கொலாசல் கேவ் அட்வென்சர்ங்கற கேம்ல ரெண்டே வார்த்தைதான் எடுத்துக்கும், அதுலயும் ஒவ்வொரு வார்த்தைலயும் முதல் அஞ்சு எழுத்தைத்தான் பாக்கும். 'நார்த்ஈஸ்ட்'னு முழுசா அடிச்சா அது 'நார்த்'னு எடுத்துக்கும், அதனால 'என்இ'ன்னு சுருக்கி அடிங்கன்னு கேமே சொல்லிக் குடுக்கும். அங்கேர்ந்து பாத்தா இது எங்கயோ வந்துடுச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். பிளேயர் இல்லாத பொருளைக் கேட்டாலும், இருக்கற பொருளை ஸ்பெல்லிங் தப்பா அடிச்சாலும், வேற ரூம்ல இருக்கற பொருளைக் கேட்டாலும், மூணுக்கும் ஒரே பதில்: 'யூ காண்ட் சீ எனி சச் திங்.' அவ்வளவுதான். எது தப்புன்னு சொல்லாது.

என் கேம் ஒண்ணை அக்கா பையன்கிட்ட குடுத்து, 'ட்ரான்ஸ்கிரிப்ட்' (அடிக்கறதும் பதிலும் ஃபைல்ல பதியற வசதி) ஆன் பண்ணிட்டு விளையாடச் சொன்னேன். ஒன்பதாவது படிக்கறான், கெட்டிக்காரன். பாதாள அறைக்கு மேல இருக்கற ரூம்ல ஒரு லாந்தர் விளக்கு இருக்கு, ரூம் வர்ணனைலயே பேரோட எழுதியிருக்கேன். ஃபைலைத் திறந்து பாத்தா இவன் 'டேக் லேன்டென்' அடிச்சிருக்கான், நடுவுல ஒரு 'ஆர்' விட்டுப்போச்சு. பதில்: அப்படி எதையும் உன்னால பாக்க முடியாது. சரி, எக்ஸாமின் பண்ணியிருக்கான், அதே ஸ்பெல்லிங், அதே பதில். அப்புறம் விளக்கே இல்லாம படி இறங்கிட்டான், கீழ கும்மிருட்டு, அங்கயே சுத்திச் சுத்தி அப்படியே மூடிட்டுப் போயிட்டான். "மாமா, விளக்கு இருக்குன்னு எழுதியிருக்கு, எடுத்தா இல்லைங்குது, உங்க கேம்ல பக் இருக்கு"ங்கறான். நான் என்ன சொல்ல?

இத்தனைக்கும் 'ஊப்ஸ்'னு ஒரு கமாண்ட் உள்ளயே இருக்கு. 'ஊப்ஸ்'னு போட்டு சரியான வார்த்தையை மட்டும் அடிச்சா முந்தின கமாண்டை அதுவே திருத்தி ஓட்டிடும், எவ்வளவு சவுகரியம் பாருங்க. ஆனா தப்பு ஸ்பெல்லிங்லதான்னு தெரிஞ்சாதானே ஒருத்தன் ஊப்ஸ் போடுவான்! விளக்கே இல்லைன்னு சொல்லிட்டு, திருத்தறதுக்கு மருந்தை அலமாரிக்குள்ள பூட்டி வச்சா யாருக்கு என்ன லாபம்.

எனக்கு எரிச்சலே எங்கன்னா, வினைச்சொல் தெரியலைன்னா மட்டும் அது ஒளிக்காம சொல்லுது. 'கிராப் லேன்டர்ன்'னு அடிச்சா அது எனக்குத் தெரிஞ்ச வெர்ப் இல்லைன்னு பளிச்னு சொல்லிடும். நாம ஒரு வரில அதை 'டேக்'கோட சேத்து விட்டுடலாம், பிரச்சனை முடிஞ்சுது. பொருள் பேருக்கு வந்தா மட்டும் வாயே திறக்காது. பழைய ஜோர்க்ங்கற கேம்ல இப்படி இல்லை. அகராதில (கேமுக்குத் தெரிஞ்ச வார்த்தைப் பட்டியல்) இல்லாத வார்த்தைன்னா இந்த வார்த்தை எனக்குத் தெரியாதுன்னு அந்த வார்த்தையையே திருப்பிக் காட்டும், தெரிஞ்ச பொருள் இங்க இல்லைன்னா இங்க இல்லைன்னு தனியா சொல்லும். 1980லயே பண்ணிட்டாங்கப்பா.

நானும் உக்காந்து மாத்தினேன். இன்ஃபார்ம் 7ல இந்த எரர் வரும்போது என்ன பிரிண்ட் பண்ணணும்னு நாமளே ரூல் எழுதலாம். உள்ள கொஞ்சம் இன்ஃபார்ம் 6 (முந்தின பதிப்பு) கோடு சேத்து, டைப் பண்ண வார்த்தை அகராதில இருக்கான்னு செக் பண்ணி, இருந்தா 'இங்க இல்லை', இல்லைன்னா 'வார்த்தை புரியலை, ஸ்பெல்லிங் பாரு'ன்னு ரெண்டு பதிலா பிரிச்சேன். சூப்பரா வேலை செஞ்சுது. பயலைக் கூப்பிட்டு மறுபடி குடுத்தேன்.

இந்தத் தடவை விளக்கை எடுத்துட்டான். எடுத்த கையோட, பதில் ரெண்டு விதமா வர்றதைக் கவனிச்சுட்டு, முதல் ரூம்லயே நின்னுகிட்டு வரிசையா அடிக்க ஆரம்பிச்சுட்டான். கன், புரியலை. டைகர், புரியலை. ட்ரெஷர், புரியலை. கோஸ்ட், இங்க இல்லை. "ஓ, பேய் இருக்கா மாமா?" கதையோட கடைசில வர்ற பேய்ங்க, ஒரு மாசமா மறைச்சு மறைச்சு எழுதினது, போச்சு. இன்ஃபார்ம் ஏன் ஒரே பதில் சொல்லுதுன்னா இதுக்குத்தான், அகராதியை நோண்டி யாரும் கதையைக் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு. காரணம் நியாயமானதுதான், நானே கண்ணால பாத்துட்டேன். ஆனாலும் கோவம் குறையலை, ஏன்னா பேயைத் தெரிஞ்சுக்கணும்னு நோண்டறவன் நூத்துல ஒருத்தன் இருப்பானா, ஸ்பெல்லிங் விடறவன் எல்லாருமேதான்.

கடைசில ரெண்டுங்கெட்டானா ஒண்ணு வச்சிருக்கேன். பதில் ஒண்ணுதான், ஆனா 'அப்படி எதுவும் இங்க தெரியலை, ஸ்பெல்லிங்கையும் ஒரு தடவை பாத்துக்கோ, திருத்தணும்னா ஊப்ஸ் போடு'ன்னு நீட்டி விட்டுட்டேன். ரெண்டு தடவை படிச்சா எனக்கே கடுப்பாகுது, இருட்டுக் கதைக்கு நடுவுல ஹெட்மாஸ்டர் வந்து பேசற மாதிரி இருக்கு.

ஆக ஃபிரெண்டுக்குப் பதில்: இத்தனை நேரம் திட்டினேன்ல, இருந்தாலும் இன்ஃபார்மையே எடுத்துக்கோ. பார்சரை நீயே எழுதறேன்னு மட்டும் கிளம்பிடாதே, ரெண்டு சாவிக்கு நடுவுல எந்தச் சாவின்னு கேக்க வைக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். முதல் நாளே அந்த எரர் ரூலை மாத்திடு, உன் கேம்ல பேய் இருந்தா அதுக்கு அகராதில வேற ஏதாவது பேரு வை. அஞ்சுக்கு மூணு ஸ்டார், இன்னிக்கு மூடுக்கு ரெண்டரைதான்.