50-க்குத் துணையாக எது? 35, 90, 28 - ஒரு சென்னைக் கணக்கு

நவராத்திரிக்கு முந்தைய வாரம், மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, கொலு பொம்மைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து ஓர் அம்மா தசாவதார செட்டை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அம்மாவும் வேண்டும், அவரைச் சுற்றியிருந்த பொம்மைகளும் வேண்டும். கேமராவில் இருந்தது 50 மி.மீ. லென்ஸ் (இந்த எண் குறைந்தால் படத்தில் அகலம் கூடும், ஏறினால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும்). இரண்டடி பின்னால் போனால் எல்லாம் ஃபிரேமுக்குள் வந்துவிடும். ஆனால் என் முதுகை உரசியபடி ஓர் ஆட்டோ நின்றிருந்தது. அம்மாவை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாவது லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றுதான். எதை வாங்குவது என்று தீர்மானிக்க அதற்கப்புறம் மூன்று மாதம் ஆனது. ரேஞ்ச்ஃபைண்டரில் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து எடுக்கும் கேமரா) 50 வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் கணக்கு உதவலாம்.

முதலில் என் கேமராவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி முடிவை எடுத்தது அதுதான். ஃபோய்க்ட்லண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ. ஜப்பானின் கோசினா நிறுவனம் 2004-இல் கொண்டுவந்தது, லைக்கா எம் லென்ஸ்கள் பொருந்தும். ஃபிலிம் கேமரா. அதில் ஸைஸ் பிளானர் 50 மி.மீ. எஃப்/2 இருக்கிறது. (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சம் கூடும், கூர்மையாக விழும் ஆழம் குறையும்.) எஸ்எல்ஆர் கேமராவில் எந்த லென்ஸைப் போட்டாலும் அந்த லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்ப்போம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. நாம் பார்க்கும் ஜன்னல் ஒன்றுதான், அதன் உருப்பெருக்கமும் மாறாது. அந்த ஜன்னலுக்குள் தெரியும் வெள்ளைக் கோடுகள்தான் எது படத்தில் விழும் என்று சொல்கின்றன. ஆகவே உங்கள் கேமராவில் எந்தெந்தக் கோடுகள் இருக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுத்தான் லென்ஸைப் பார்க்க வேண்டும். லைக்கா எம்3 வைத்திருப்பவருக்கு 50, 90, 135 கோடுகள் மட்டும் தெரியும், 35-க்குக் கோடே கிடையாது. எம்2-வில் 35, 50, 90. என் பெஸ்ஸாவில் மேலே ஒரு சிறிய நெம்பு இருக்கிறது. அதைத் தள்ளினால் 50, 75, அப்புறம் 35-உம் 90-உம் சேர்ந்து. அதாவது 35-இன் பெரிய கட்டத்துக்குள் 90-இன் சின்னக் கட்டம்.

அந்தக் கட்டத்துக்குள் கட்டம் எனக்குப் பெரிய உதவி செய்தது. லென்ஸே இல்லாமல் லென்ஸைச் சோதித்துப் பார்க்கலாம்! 50-ஐக் கழற்றாமல், நெம்பை மட்டும் 35/90-க்குத் தள்ளிவிட்டு ஒரு வாரம் நடந்தேன். ஃபிலிம் செலவு கிடையாது. திருவல்லிக்கேணியில், சிந்தாதிரிப்பேட்டையில், பறக்கும் ரயில் பிளாட்பாரத்தில் என்று எங்கே எனக்குக் கை துறுதுறுத்ததோ அங்கெல்லாம் கண்ணில் வைத்துப் பார்த்தேன். மனம் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று கவனித்தேன். கூடவே பழைய கான்டாக்ட் ஷீட்டுகளை (ஒரு ரோலின் படங்களெல்லாம் சின்னதாக அச்சான தாள்கள்) எடுத்து, தோற்றுப்போன ஃபிரேம்களில் மட்டும் பென்சிலால் குறித்தேன்: ஓரம் வெட்டுப்பட்டதா, ஆள் ரொம்பத் தூரமா? வெட்டுப்பட்டவைதான் பாதிக்கும் மேல். எனக்கு அகலம்தான் குறைகிறது என்பது அங்கேயே ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

கணக்காகவும் பார்க்கலாம். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 50 மி.மீ. லென்ஸ் சுமார் 1.4 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 35 என்றால் 2.1 மீட்டர், 28 என்றால் 2.6 மீட்டர், 90 என்றால் 80 செ.மீ. மட்டும். பொம்மைக் கடை அம்மாவுக்கு எனக்கு வேண்டியிருந்தது ஏறத்தாழ இரண்டு மீட்டர். சென்னைத் தெருவில் எப்போதும் இதுதான் கதை. முன்னால் ஓர் அடி வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பின்னால் ஓர் அடி வைக்கத்தான் இடம் இருக்காது. வண்டி நிற்கும், சாக்கடை மூடி திறந்திருக்கும், சுவர் வந்துவிடும்.

இதைக் கேட்டால் 35-தான் என்று உடனே முடித்துவிடத் தோன்றும். ஆனாலும் 90-ஐ நான் எளிதாக விடவில்லை. நண்பர் ஒருவரிடம் டெலி-எல்மரிட் 90 மி.மீ. எஃப்/2.8 இருந்தது. 225 கிராம்தான், கைக்குள் அடங்கும். அதை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்துக்குப் போனேன். படகுகள் கரைக்கு வரும்போது நடுவில் தண்ணீர், காலால் நெருங்க முடியாது. அங்கே 90 அருமையாக வேலை செய்தது. கயிற்றை வீசும் கை, ஏலத்தில் ஒருவர் முகத்தில் ஓடும் கணக்கு, இதெல்லாம் 50-இல் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சிக்கல் வேறிடத்தில். ரேஞ்ச்ஃபைண்டரின் ஃபோகஸ் துல்லியம், நாம் பார்க்கும் ஜன்னலுக்கும், ஃபோகஸுக்காகப் பக்கத்தில் உள்ள இன்னொரு சின்ன ஜன்னலுக்கும் இடையே உள்ள தூரத்தையும் உருப்பெருக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. பெஸ்ஸாவில் ஜன்னல் தூரம் 37 மி.மீ., உருப்பெருக்கம் 0.7. பெருக்கினால் சுமார் 26 மி.மீ. லைக்கா எம்6-இல் 69.25 மி.மீ., 0.72. பெருக்கினால் ஏறக்குறைய 50. அதாவது என் கேமராவின் அளவுகோல் லைக்காவுடையதில் பாதிதான். 90 மி.மீ. லென்ஸை எஃப்/2.8-இல் திறந்து, இரண்டு மீட்டரில் இருப்பவரை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தம் 8 செ.மீ. அளவு. ஒரு மீட்டரில் வெறும் 2 செ.மீ. இமையா காதா என்கிற நிலை. காசிமேட்டு ரோலில் எஃப்/8-இல் எடுத்தவை எல்லாம் கச்சிதமாக வந்தன. வெளிச்சம் வருவதற்கு முன் திறந்துவைத்து எடுத்த முகங்களில் நிறைய பேருக்குக் கண்ணை விட்டுவிட்டுக் காதுதான் தெளிவாக இருந்தது. லென்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேமராவின் எல்லை அது. பெஸ்ஸாவில் 90 போட ஆசைப்பட்டால் எஃப்/3.5, எஃப்/4 லென்ஸ்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எஃப்/2 பக்கம் போகவே வேண்டாம். எம்3 வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. அவருடைய ஜன்னல் 0.91, 90-இன் கட்டமும் பெரிதாகத் தெரியும். அவர் என் இடத்தில் இருந்தால் நான் 90-ஐத்தான் சொல்வேன்.

மார்கழிக் கச்சேரிக்கு ஆகுமே என்றும் ஓர் ஆசை இருந்தது. அனுமதி கிடைத்து சபாவில் எடுப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேடை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப்/2.8-இல் எனக்குக் கிடைத்த ஷட்டர் வேகம் 1/30 வினாடி, நன்றாக இருந்தால் 1/60. 90-ஐக் கையில் பிடிக்க 1/125 வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் கை வெறும் புகையாகிவிடும். பெஸ்ஸாவின் உலோக ஷட்டர் லைக்காவின் துணி ஷட்டர் போல மெதுவாகவும் பேசாது. ஆலாபனை நடுவில் அந்தச் சத்தத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை.

75-ஐப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கலர்-ஹீலியார் 75 மி.மீ. எஃப்/2.5 நல்ல லென்ஸ், என் கேமராவில் அதற்குத் தனிக் கோடும் உண்டு. ஆனால் 50-ஐ வைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் போனால் கிடைப்பதற்கு ஒரு லென்ஸ் வாங்குவானேன்?

28 வேறு மாதிரி. தெருவுக்கென்றே செய்தது போன்ற லென்ஸ் அது. எஃப்/8 வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால் 1.65 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவு. ஃபோகஸ் என்ற வேலையே இல்லை. 35-க்கு அதே எஃப்/8-இல் 5.1 மீட்டரில் நிறுத்த வேண்டும், தெளிவு 2.5 மீட்டரில்தான் தொடங்கும். 50-க்குத் தெளிவு தொடங்குவதே 5.2 மீட்டரில். பங்குனி அறுபத்துமூவர் கூட்டத்தில், தோளோடு தோள் இடிக்கும் இடத்தில், இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

ஆனால் என் ஜன்னலில் 28-க்குக் கோடு இல்லை. கேமராவின் தலையில், ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், தனியாக ஒரு வியூஃபைண்டரை மாட்ட வேண்டும். ஒரு ஜன்னலில் ஃபோகஸ், இன்னொன்றில் ஃபிரேம். நான் கண்ணாடி போடுபவன். அந்தச் சின்னத் துளைக்குள் நாலு மூலையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியவில்லை. கூட்டத்தில் யாராவது இடித்தால் அந்த ஃபைண்டர் நழுவும் பயம் வேறு. அதோடு கேமரா ஜன்னலின் கோடுகள், கிட்டத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்யும்போது தானாக நகர்ந்து சரிசெய்துகொள்ளும். தலையில் மாட்டியது அப்படி நகராது, நாமே மனதில் கழித்துக்கொள்ள வேண்டும். இதே கேமராக் குடும்பத்தில் ஆர்4 மாடல்களுக்கு 21, 25, 28 கோடுகள் உள்ளேயே உண்டு. அதை வைத்திருந்தால் என் வாதம் தலைகீழாகிவிடும், நான் 28-ஐ வாங்கியிருப்பேன்.

சரி, 35 என்று ஆகிவிட்டது. எந்த 35?

மூன்றைப் பார்த்தேன். நாக்டன் கிளாசிக் 35 மி.மீ. எஃப்/1.4, ஸைஸ் சி பயோகான் 35 மி.மீ. எஃப்/2.8, கலர்-ஸ்கோப்பார் 35 மி.மீ. எஃப்/2.5. நாக்டனின் எஃப்/1.4 யாரையும் இழுக்கும், என்னையும் இழுத்தது. அப்புறம் நம் ஊர் வெயிலை நினைத்துப் பார்த்தேன். நான் போடுவது பெரும்பாலும் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம். உச்சி வெயிலில் எஃப்/16-க்கு 1/400 என்பது பழைய கணக்கு. எஃப்/11-க்கு 1/800, எஃப்/8-க்கு 1/1600. பெஸ்ஸாவின் ஷட்டர் 1/2000-உடன் முடிந்துவிடும். அதாவது காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை எஃப்/8-க்குக் கீழே என்னால் திறக்கவே முடியாது. துணி ஷட்டர் கேமராக்கள் பல 1/1000-உடன் நின்றுவிடும், அவர்களுக்கு எஃப்/11. பகலெல்லாம் பயன்படாத எஃப்/1.4-ஐச் சுமந்து நடக்க வேண்டும்.

ஆறு மணிக்கு மேல் நிலைமை மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஜிலேபிக் கடை விளக்கில், ஸ்கோப்பாரின் எஃப்/2.5-இல் 1/15 கிடைக்கும் இடத்தில் நாக்டன் 1/45 கொடுக்கும். கை நடுங்காத வேகத்துக்கும் நடுங்கும் வேகத்துக்கும் நடுவில் உள்ள கோடு அது. ஆனால் என்னிடம் ஏற்கெனவே ஓர் எஃப்/2 இருக்கிறது. இருட்டினால் 50-ஐ மாட்டிக்கொள்ளலாம். வெளிச்சம் குறைவாக வாங்கும் 50 இருப்பவர்கள், எஃப்/2.8, எஃப்/3.5 என்று பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள், நாக்டனை எடுப்பது நியாயம். அதில் இரண்டு குறைகளைத் தெரிந்துகொண்டு எடுங்கள். நேர்கோடுகள் சற்று வெளிப்பக்கமாக வளையும், கோபுரத்தையோ பழைய ஜார்ஜ் டவுன் கட்டடங்களையோ எடுப்பவருக்கு உறுத்தும். அப்புறம், எஃப்/1.4-இலிருந்து மூடிக்கொண்டு வரும்போது ஃபோகஸ் விழும் இடம் கொஞ்சம் நகரும். 2019-இல் வந்த இரண்டாவது பதிப்பில் இதைக் குறைத்திருக்கிறார்கள்.

பயோகான்தான் மூன்றில் சுத்தமானது. நேர்கோடு நேர்கோடாகவே விழும். 43 மி.மீ. ஃபில்டர், என் பிளானருக்கும் அதே அளவு. கருப்பு வெள்ளையில் மஞ்சள் ஃபில்டர் இல்லாமல் நம் ஊர் வானம் வெறும் வெள்ளைத்தாள்தான். அதனால் ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் ஆவது சின்ன விஷயம் இல்லை. எடை 200 கிராம். ஸ்கோப்பார் 134 கிராம், ஃபில்டர் 39. கேமராவிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குக்கூட நீட்டிக்கொண்டிருக்காது. பயோகானுக்கும் அதற்கும் விலையில் இருந்த வித்தியாசத்தில் பல ரோல் ஃபிலிம் வாங்கலாம். பிரின்ட் போட்டுப் பார்க்கும் அளவில் இரண்டையும் பிரித்தறிய என் கண்ணுக்கு முடியவில்லை. ஸ்கோப்பாரை வாங்கினேன். ஃபில்டருக்கு 39-இலிருந்து 43-க்கு ஒரு ஸ்டெப்-அப் ரிங் போட்டுச் சமாளிக்கிறேன்.

மலிவாக வேண்டும் என்று ரஷ்ய ஜுபிடர்-12 தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பின்கண்ணாடி கேமராவின் உடலுக்குள் நீண்டு நிற்கும். உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்று உறுதி செய்யாமல் திருகிவிடாதீர்கள்.

பழைய லென்ஸ் எதுவானாலும் அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரத்தை) முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ், படலம் மாதிரி இருந்தால் மங்கல். இரண்டும் இல்லாமல் வாங்கினாலும் சென்னையில் இரண்டும் வரும். ஒருமுறை லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்தபோது, வேலை பார்த்த பெரியவர் முதலில் கேட்டது எங்கே வைக்கிறேன் என்பதைத்தான். பீரோ என்றேன்.

"பீரோவுல வைக்காதீங்க தம்பி. துணியில இருக்கற ஈரமெல்லாம் கண்ணாடிக்கு வந்துரும். தோல் உறை இன்னும் மோசம். ஒரு பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, வாரம் ஒருக்கா எடுத்து நாலு படம் எடுங்க."

இப்போது இரண்டும் சமையலறை டப்பா ஒன்றில் இருக்கின்றன. உள்ளே ஒரு சின்ன ஈரமானி, 45 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை வாணலியில் வறுத்துவிடுவேன். பங்குனிக்கு 35 மட்டும்தான் போகப்போகிறது. 50 டப்பாவிலேயே இருக்கட்டும்.