பழனி பாதயாத்திரைக்குத் தார்ப்பாய்: பல வருஷ அனுபவம்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களில் கூடாரம் தூக்கி வருபவர்களும் உண்டு. நான் பல வருஷமாக, இரவில் அடியில் படுத்துக்கொள்ள ஒரு சில்பாலின் (பல அடுக்கு பிளாஸ்டிக்) தார்ப்பாயோடுதான் போகிறேன். 12 அடிக்கு 9 அடி, 90 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 90 கிராம். எடை ஒரு கிலோவுக்குள். அதே அளவில் 200 ஜிஎஸ்எம் வாங்கினால் இரண்டு கிலோ வரும். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அந்தக் கூடுதல் கனம் தோளுக்குத் தெரியும்.

தையில் மழை அபூர்வம், பனிதான் படுத்தும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. வெட்டவெளியில் படுத்தால் விடியும்போது போர்வை நனைந்து கிடக்கும். அதற்குப் பயந்து பலர் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்து மூடிக்கொள்கிறார்கள். அப்போது நாம் விடும் மூச்சே உள்பக்கம் நீராகக் கோத்து முகத்தில் சொட்டும். இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்புயரத்தில் கயிறு கட்டிப் தார்ப்பாயைக் குறுக்கே போடுங்கள். வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தைத் தரையோடு இறக்கி, மறுபக்கத்தைத் தூக்கிவிட்டால் போதும். மேலே இலை அடர்ந்திருந்தால் பனி இன்னும் குறையும். தென்னந்தோப்பு மட்டும் வேண்டாம், மட்டை விழும்.

அடியில் வெறும் பாய் போதாது, தரைக் குளிர் முதுகில் ஏறும். சாக்கு விரித்து அதன்மேல் பாய் போடலாம். வைக்கோல் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை.

தார்ப்பாயில் முதலில் பிய்வது கயிறு கோக்கும் ஓரத்து வளையங்கள்தான். நத்தம் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "வளையத்த நம்பாதப்பா, கல்லக் கட்டு" என்றார். நெல்லிக்காய் அளவு உருண்டைக் கல்லை மூலையில் வைத்து, தார்ப்பாயோடு சேர்த்துப் பொட்டலமாகப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்கிக் காட்டினார். காற்று எவ்வளவு இழுத்தாலும் கழலவில்லை. அப்புறம் நான் வளையத்தில் கயிறு கோப்பதே இல்லை.

தார்ப்பாய்க்கு எமன் வெயில். மொட்டைமாடியில் மாசக்கணக்கில் கிடந்தால் நைந்து கிழியும். ஊர் திரும்பியதும் நிழலில் உலர்த்தி மடித்துவிடுகிறேன், இன்னும் நன்றாகவே இருக்கிறது.

ரோட்டை ஒட்டி மட்டும் தயவுசெய்து கட்டாதீர்கள். விடியற்காலையில் லாரி ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் ஓடக்கூட நேரம் இருக்காது. ரோட்டைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

கொசுவுக்குத் தார்ப்பாயால் ஒரு பயனும் இல்லை, மறைவும் கிடையாது. அதனால் பெண்கள், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் இருட்டும் முன்பே வழியில் ஒரு மண்டபத்தில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது.