ஊருக்குப் போனால் எந்தத் தைராய்டு மாத்திரை?

பாண்டிச்சேரியில் தைராய்டு மாத்திரை கிடைக்குமா, பிரான்சிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டுமா என்று இங்கே பாரிஸை ஒட்டிய சார்செல், கார்ஜ் பக்கத்துத் தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். கிடைக்கும். நேரு வீதியில் எந்த மெடிக்கல் ஷாப்பில் ஏறினாலும் கிடைக்கும். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மருந்து என்பதால், பாரிஸில் ஒரு காப்பிக்குக் கொடுக்கிற காசில் சில மாதத்துக்கு வாங்கிவிடலாம். ஆனால் சுரப்பி மந்தமாகி மாத்திரை போடுகிறவர்களுக்கும், என்னைப் போல் புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்துவிட்டவர்களுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. இந்த முறை ஊருக்குப் போனபோது கடை, லேப், டாக்டர் என்று போன இடமெல்லாம் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

எனக்கு வந்தது பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய். முழுச் சுரப்பியையும் எடுத்து, அப்புறம் கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு லெவோதைராக்சின், அதாவது தைராய்டு மாத்திரை, செய்கிற வேலை இரண்டு. உடம்பில் இல்லாமல் போன ஹார்மோனை ஈடுகட்ட வேண்டும். கூடவே, மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டச் சுரக்கும் டிஎஸ்எச் என்ற ஹார்மோனைத் தாழ்வாக வைத்திருக்கவும் வேண்டும். புற்றணு எங்காவது மிச்சம் இருந்தால் டிஎஸ்எச் அதை வளரத் தூண்டும் என்பதுதான் காரணம். எவ்வளவு தாழ்வாக என்பது ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல்படி, ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 0.1க்குக் கீழே, நடுத்தரமானவர்களுக்கு 0.1 முதல் 0.5, குறைவானவர்களுக்கு 0.5 முதல் 2. நான் நடுத்தரம். 112 மைக்ரோகிராம் மாத்திரையில் என் டிஎஸ்எச் 0.2 பக்கம் நின்றுகொண்டிருந்தது.

மாத்திரை மாற்றம் என்றாலே பிரான்சில் இருப்பவர்களுக்கு 2017தான் ஞாபகம் வரும். மெர்க் கம்பெனியின் லெவோத்திரோக்ஸ் மாத்திரையில் மருந்து அதேதான், கூடச் சேர்க்கிற பொருள்தான் மாறியது. லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் போட்டார்கள். வீரியம் இன்னும் நிலையாக இருக்க வேண்டும் என்று அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டதால் செய்த மாற்றம் அது. முடி கொட்டுகிறது, தலை சுற்றுகிறது, எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. நடிகை அனி துப்பேரே சுகாதார அமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கடைசியில் பழைய கலவையை யூத்திரோக்ஸ் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாற்றத்தை நோயாளிகளுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2020இல் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 1,000 யூரோ கொடுக்கச் சொன்னது. என் ஆபரேஷன் இந்த அமளிக்குப் பிறகுதான் நடந்தது என்றாலும், என் மாமியார் அந்த வருஷம் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரே மூலக்கூறுதானே, எந்த டப்பாவாக இருந்தால் என்ன என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஊரில் கடைக்குப் போனது அவசரத்துக்கு ஒரு டப்பா கையில் இருக்கட்டும் என்றுதான்.

“பவர் எவ்ளோக்கா?” என்றான் பையன். சீட்டு கேட்கவில்லை. சட்டப்படி சீட்டு வேண்டும், நடைமுறையில் தைராய்டு மாத்திரைக்கு யாரும் கேட்பதில்லை.

“112.”

உள்ளே போய் அலமாரியைத் துழாவிவிட்டு வந்தான். “112 இல்லக்கா. 100 இருக்கு, 125 இருக்கு. 125 தரட்டுமா? பெருசா ஒண்ணும் வித்தியாசம் வராது.”

வரும். 13 மைக்ரோகிராம் என்பது என் அளவில் ஏறக்குறைய பன்னிரண்டு சதவீதம். ரத்தத்தில் தைராக்சின் சற்றே ஏறினாலும் டிஎஸ்எச் பல மடங்கு இறங்கிவிடும். ஏற்கெனவே 0.2இல் நிற்கிற எனக்கு அது அதலபாதாளத்துக்குப் போய்விடும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் கரையலாம். பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, “112தான் வேணும் தம்பி” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சாயங்காலமே வரவழைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் டப்பாவின் போட்டோ அனுப்பினான். அந்த வேகத்தை நான் இருக்கிற ஊரில் எதிர்பார்க்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று ஊரில் பெயர்கள் பல, எல்லாமே லெவோதைராக்சின்தான். ஊரிலேயே இருப்பவர் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதையே தொடர்ந்து போட்டு, ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் பார்த்து அளவைச் சரி செய்துகொண்டால் ஒரு குறையும் இல்லை. லீவில் போகிறவர்களின் பிரச்சினை வேறு. தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், மாற்றத்தின் விளைவு டிஎஸ்எச்சில் முழுதாகத் தெரிய ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் லீவு முடிந்து திரும்பிவிடுவோம், இங்கே வந்து பழைய மாத்திரையைத் தொடங்குவோம், அடுத்த ரத்தப் பரிசோதனையில் வருகிற எண் எந்த மாத்திரையுடையது என்று டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால் மூன்று மாதப் பெட்டியைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள், காசு மிச்சம் என்று அங்கே மாற்றாதீர்கள். நேர வித்தியாசத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். வாரக்கணக்கில் உடம்பில் நிற்கிற மருந்துக்கு மூன்றரை மணி நேரம் பொருட்டே இல்லை.

பிரான்சில் சொட்டு மருந்தாகவும் தைராக்சின் உண்டு, ஒரு சொட்டுக்கு 5 மைக்ரோகிராம். அளவைத் துல்லியமாக வைக்க அருமையானது, ஆனால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மே மாதம், பாண்டிச்சேரி, கரண்ட் கட். வேண்டாம். லண்டன் நாத்தனார் டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைதான் தெம்பு தரும் என்று போனில் விடாமல் சொல்கிறாள். பிரான்சிலும் 100 மைக்ரோகிராம் டி4-உடன் (தைராக்சின்தான்) 20 டி3 சேர்ந்த யூத்திரால் இருக்கிறது. கூட்டு மாத்திரை எல்லோருக்கும் மேல் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. டி3 ரத்தத்தில் சட்டென்று ஏறி ஒரு நாளிலேயே பாதி இறங்கிவிடும், ஏற்கெனவே டிஎஸ்எச்சை அழுத்தி வைத்திருக்கிறவர்களின் இதயத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் நல்லதில்லை. அவளுக்குச் சரிப்பட்டால் சரி.

இனி லேப் கதை. தம்பி தன் பாசத்தைக் காட்ட வீட்டில் எல்லோருக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் போட்டுவிட்டான். காலை ஆறரைக்கே ஒரு பெண் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மாத்திரை போடுவதற்கு முன்பே எடுக்கச் சொன்னேன், போட்ட பிறகு எடுத்தால் டி4 சற்று ஏற்றிக் காட்டும். அண்ணி முடி உதிர்வுக்காக பயோட்டின் சாப்பிடுகிறாள், அதை இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தேன். சில கருவிகளில் பயோட்டின் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பது ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கே புதுச் செய்தி. சாயங்காலம் ரிப்போர்ட் போனில் வந்துவிட்டது. டிஎஸ்எச் 0.2, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்ற குறி. ஃப்ரீ டி4-ஐ அங்கே டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று போடுகிறார்கள், பிரான்சின் பிக்கோமோல் எண்ணோடு ஒப்பிட 13ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். டிஎஸ்எச் மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே எண்தான், அலகின் பெயர்தான் வேறு.

பேக்கேஜோடு ஒரு டாக்டர் ஆலோசனையும் உண்டு. இளம் டாக்டர் ஒருவர் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். “டோஸ் ஜாஸ்தியா இருக்கும்மா. 75க்கு இறக்கிடுங்க” என்றார். என் கழுத்தில் தழும்பு கண்ணெதிரே இருக்கிறது. அவர் பார்த்தது குறியை மட்டும்தான். கேன்சர் ஆபரேஷன் ஆனது என்று சொன்னதும் சங்கடப்பட்டு, நல்லவேளையாக, எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இதுவே விவரம் தெரியாத ஒரு வயதானவர் என்றால் 112இலிருந்து 75க்கு ஒரே தாவாக இறங்கியிருப்பார்.

எண்டோகிரைன் டாக்டர் மேடத்தைப் பார்க்க வெளியே ரொம்ப நேரம் காத்திருந்தேன், உள்ளே போன பிறகு அவர் அவசரப்படவே இல்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எடுத்த கட்டியின் அளவு, நிணநீர்க் கணு எத்தனை, அயோடின் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். என் ரிப்போர்ட்டெல்லாம் பிரெஞ்சில். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற டாக்டர்கள் இப்போது அரிது, அதனால் கிளம்பும் முன் இங்குள்ள டாக்டரிடம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருந்தேன். டிஎஸ்எச் இலக்கு எவ்வளவு என்பதும் அதில் இருந்தது. நீங்களும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தைராய்டு திசு எங்காவது மிச்சம் இருந்தால் ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் தைரோகுளோபுலினையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். “எதுக்கும்மா? ஒவ்வொரு லேப் முறைக்கும் எண் மாறும். நீங்க வழக்கமா பார்க்கிற இடத்திலேயே பாருங்க, அப்பத்தான் ஏறுதா இறங்குதான்னு தெரியும்” என்றார். வருமானத்தைப் பார்க்காமல் சொன்ன பதில். அப்புறம் அவர் கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது: “தைரோகுளோபுலின் இத்தனை வருஷமா ஒண்ணுமே இல்ல, ஸ்கேனும் சுத்தம். இன்னும் ஏன் 0.2ல வெச்சிருக்காங்க? எலும்பு அடர்த்தி பார்த்தீங்களா?”

பார்த்ததே இல்லை. அன்றைக்கே எடுத்தேன். இடுப்பெலும்பு ஏற்கெனவே மெலியத் தொடங்கியிருக்கிறது.

வீட்டில் நடந்த போராட்டம் தனி. அம்மா விடிந்ததும் டபரா டம்ளரில் காப்பியோடு வந்து நிற்பாள். மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது ஆகணும் என்றால், “ஆறிடுமே” என்பாள். காப்பி தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கோ நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சித்தி மந்தாரைப் பட்டைக் கஷாயம் குடித்தால் சுரப்பி தூண்டப்படும் என்றாள். தூண்ட அங்கே சுரப்பியே இல்லை சித்தி என்றதும் பேச்சு அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தாவிவிட்டது. வெயிலும் ஒரு தொல்லை. என் பெட்டியில் 25 டிகிரிக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது, அதனால் ஏசி அறை அலமாரியில் வைத்தேன். ஊர் டப்பாவில் மாத்திரைகள் மொத்தமாக ஒன்றாகக் கிடக்கும், உள்ளே ஒரு சிலிக்கா பொட்டலம் இருக்கும். அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மூடியையும் இறுக்கி மூடுங்கள். அண்ணி வீட்டில் காலி டப்பாக்களில் ஏலக்காயும் ஊக்கும் இருக்கின்றன, அதற்கு அது உத்தமம்.

திரும்பி வந்து, மேடம் கொடுத்த கடிதத்தையும் எலும்பு ரிப்போர்ட்டையும் இங்குள்ள டாக்டரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, இலக்கை 0.5க்கு மேல் தளர்த்தலாம் என்று 112ஐ 100 ஆக்கினார். குறைக்கத்தான் வேண்டும் என்பதில் அந்த இளம் டாக்டரும் ஒருவகையில் சரிதான், அளவும் காரணமும்தான் வேறு. ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த 112 டப்பாவைத் தோழி ஒருத்தி கேட்டாள். அவள் போடுவது 88. கொடுக்கவில்லை, மருந்துக்கடையில் திருப்பிப் போட்டுவிட்டேன்.